பிடிஎஸ் கம்பேக்குக்கு முன்னால் பத்துப் பாட்டு: சென்னையில் ஆபீஸ், காலேஜ் போகிற வழியில் கேட்க

எந்த கம்பேக்? பிடிஎஸ் என்ற அந்த ஏழு பேர் கொரியப் பாட்டுக் குழு பிரிந்துவிட்டதாக அல்லவா சொன்னார்கள்?

பிரியவில்லை. 2022 ஜூனில், குழுவாகப் பாடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு ஆளாளுக்குத் தனியாகப் பாடப் போகிறோம் என்று சொன்னார்கள், அதை நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்கள் "பிடிஎஸ் குளோஸ்" என்று பரப்பிவிட்டன. அதன் பிறகு கட்டாய ராணுவச் சேவை. மூத்தவர் ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார், 2024 ஜூனில் திரும்பினார், அந்த அக்டோபரில் ஜே-ஹோப் வந்தார். ஆர்எம், வி, ஜிமின், ஜங்குக் நான்கு பேரும் 2025 ஜூன் 10, 11 தேதிகளில் வெளியே வந்தார்கள், ராணுவத்துக்குப் பதிலாக சமூக சேவைப் பணி பார்த்த சுகா அதே மாதம் 21-ம் தேதி முடித்தார். ஜூலை 1 அன்று ஏழு பேரும் ஒன்றாக நேரலையில் வந்து உட்கார்ந்து 2026 வசந்த காலத்தில் ஆல்பம், அதன் பிறகு உலகச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். கே-பாப் என்கிற கொரியப் பாப் இசையில் எந்தப் புது ஆல்பம் வந்தாலும் அதற்குப் பெயர் கம்பேக்தான், ஆனால் இது நிஜமாகவே ஒரு திரும்பி வருதல்.

இது யாருக்கு?

'டைனமைட்' கல்யாண ரிசப்ஷனில் கேட்டிருக்கிறீர்கள், பெண்ணோ தம்பியோ ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரோ ஆர்மி (பிடிஎஸ் ரசிகர்களுக்கு அதுதான் பெயர்), ஆல்பம் வந்ததும் எல்லாரும் குதிப்பார்கள், நீங்களும் கொஞ்சம் புரிந்துகொண்டு குதிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குத்தான். 2015-ல் இருந்தே கேட்கிற பழைய ஆர்மி என்றால் இந்த லிஸ்டைப் பார்த்துச் சண்டைக்குத்தான் வருவீர்கள், அதுவும் சரிதான்.

ஏன் பத்தே பாட்டு? நூறு பாட்டு ப்ளேலிஸ்ட் எத்தனையோ இருக்கே?

இருக்கு, கேட்டும் பார்த்திருப்பீர்கள், மூன்றாவது நாள் எது எந்தப் பாட்டு என்றே தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்து பின்னணிச் சத்தமாகிவிடும். என் கட்சி இதுதான்: இருநூறு பாட்டை ஒரு தடவை கேட்பதைவிடப் பத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இந்த இடத்தில் இவர் குரல், அடுத்த வரியில் அவர் குரல் என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் போதும். அப்போதுதான் புது ஆல்பத்தில் எது மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று காது சொல்லும். ஒப்பிடப் பழசு தெரியாமல் புதுசைக் கேட்டால் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கீழே இருக்கும் பத்தும் சேர்ந்து 40 நிமிடத்துக்குள் அடங்கும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி பீச் போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

சரி, லிஸ்டைச் சொல்லுங்க.

வெளிவந்த வரிசையில்தான் கேட்க வேண்டும், காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் 'நோ மோர் ட்ரீம்', 2013 ஜூன், அறிமுகப் பாட்டு. முரட்டு ஹிப்ஹாப், கனமான பேஸ், இப்போது பார்த்தால் அந்தக் கண் மையும் சங்கிலியும் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் என்ன என்று பாருங்கள்: உன் கனவு என்ன என்று பள்ளிக்கூடப் பையனைக் கேட்கிறார்கள், அவனுக்கென்று ஒன்றும் இல்லை, பெரியவர்கள் போட்ட பாதையில் போய்க்கொண்டிருக்கிறான். ப்ளஸ் டூ முடித்து, கோச்சிங் கிளாஸ் போய், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் உட்கார்ந்த எவருக்கும் இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இரண்டாவது 'ஐ நீட் யூ', 2015. இதற்கு முன்னால் வரை இவர்கள் ஒரு சின்ன நிறுவனத்தின் சுமாரான குழு, இந்தப் பாட்டுக்குத்தான் கொரியத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் முதல் தடவை முதலிடம் கிடைத்தது. முரட்டுத்தனம் போய் உடைந்த குரல் வந்துவிட்டது. சுகா தொடங்குகிற அந்த முதல் சில நொடிகளை மட்டுமாவது நல்ல இயர்போனில் கேளுங்கள்.

மூன்றாவது 'ஸ்ப்ரிங் டே', 2017 பிப்ரவரி. லிஸ்டில் நீளமான பாட்டு இதுதான், நாலரை நிமிடம், இதில் ஒரு நொடியைக்கூட வெட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிந்துபோன ஒருவருக்காகக் குளிர்காலம் முடியக் காத்திருக்கிற பாட்டு. மெலான் என்ற கொரிய இசைத் தளத்தின் தரவரிசையில் பல வருடங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. ஆர்எம் பேசுகிற மாதிரி ஆரம்பித்து, பாட்டு மெதுவாக மேலே ஏறி, கோரஸில் எல்லாரும் சேரும்போது, ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏன் இவர் முகம் இப்படிப் போகிறது என்று யோசிப்பார். வசந்தத்தில் கம்பேக் என்ற செய்தி வந்ததும் பல ஆர்மிகள் முதலில் போய்ப் போட்ட பாட்டும் இதுவாகத்தான் இருக்கும்.

நான்காவது 'மைக் ட்ராப்', டிஜே ஸ்டீவ் அயோகியின் ரீமிக்ஸ், 2017 நவம்பர். முந்தைய பாட்டின் கனத்தை இறக்கி வைக்க. எங்களைக் குறைத்துப் பேசினவனெல்லாம் இப்போ எங்கே என்று மைக்கைக் கீழே போட்டுவிட்டுப் போகிற திமிர். திங்கட்கிழமைக் காலைக்கு இதைவிட நல்ல பாட்டு இல்லை.

ஐந்தாவது 'ஃபேக் லவ்', 2018 மே. இந்தப் பாட்டு இருந்த ஆல்பம்தான் அமெரிக்காவின் பில்போர்ட் 200 ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் கே-பாப் ஆல்பம். கிடாரும் இருட்டும். வி-யின் அடிக்குரல் தொடங்க, ஜங்குக் அதை வாங்கிக்கொண்டு மேலே போவார், இரண்டு குரலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழக இதுவே நல்ல இடம்.

ஆறாவது 'ஐடல்', அதே 2018 ஆகஸ்ட். நம் ஊர்க் காதுக்கு ரொம்பப் பிடிக்கிற பாட்டு, அடி அப்படி. தென்னாப்பிரிக்காவின் கோம் என்ற நடன இசையின் தாளத்தை எடுத்து, மேலே கொரிய நாட்டுப்புற மேளத்தையும் கூவலையும் வைத்திருக்கிறார்கள். நடுவே "ஒல்சு", "ஜிஹ்வாஜா" என்றெல்லாம் கத்துவது அர்த்தமில்லாத சத்தம் இல்லை, பன்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டில் மேளக்காரரும் கூட்டமும் பாடுகிறவரை உசுப்பேற்றக் கொடுக்கிற குரல், நம் கச்சேரியில் "பலே", "சபாஷ்" விழுகிற மாதிரி. நீ என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் நான் நான்தான் என்கிற பாட்டில் இதைக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை வந்தது.

ஏழாவது 'பிளாக் ஸ்வான்', 2020 ஜனவரி. இசை என் மனதை அசைக்காமல் போகிற நாள் வந்தால் அதுதான் என் முதல் சாவு என்ற பயத்தைப் பாடுகிறார்கள். இந்தப் பாட்டுக்காக வெளியான நடனப் படம், நடனக்காரர் இரண்டு முறை சாகிறார், அதில் முதல் சாவு ஆடுவதை நிறுத்தும்போது வருவது என்ற நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமின் கருத்தோடுதான் தொடங்கும். இரண்டு வருடம் கழித்து இவர்கள் ஏன் இடைவெளி எடுத்தார்கள் என்பதற்கான பதில் பாதி இங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

எட்டாவது 'டைனமைட்', 2020 ஆகஸ்ட். முழுக்க ஆங்கிலத்தில் பாடிய முதல் பாட்டு, பில்போர்ட்டின் பாட்டுத் தரவரிசையான ஹாட் 100-ல் இவர்களின் முதல் முதலிடம். நீங்கள் ஏற்கெனவே கேட்டதுதான். 'பிளாக் ஸ்வான்' முடிந்த கையோடு கேட்கும்போது வேறு மாதிரி இருக்கும், கோவிட் காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று வேண்டுமென்றே போட்ட விளக்கு என்று தெரியும்.

ஒன்பதாவது 'லைஃப் கோஸ் ஆன்', அதே வருடம் நவம்பர். உலகம் திடீரென்று நின்றுபோனதைப் பற்றி அமைதியான பாட்டு, வீடியோவை இயக்கியது ஜங்குக். பெரும்பாலும் கொரிய மொழியில் இருக்கிற ஒரு பாட்டு ஹாட் 100-ல் நேராக முதலிடத்தில் நுழைந்தது இதில்தான் முதல் தடவை.

கடைசி 'யெட் டு கம்', 2022 ஜூன் 10. இடைவெளி அறிவிப்புக்குச் சில நாள் முன்னால் வந்தது. எங்கள் நல்ல காலம் இனிமேல்தான் என்கிறார்கள். அன்றைக்கு இதை விடைபெறும் பாட்டாகக் கேட்டார்கள், இப்போது கேட்டால் தேதி போட்டுக் கொடுத்த ரசீது மாதிரி இருக்கிறது.

'பட்டர்' இல்லையா? என்ன சார் இது?

இல்லை. 2021-ல் ஹாட் 100 உச்சியில் மொத்தம் 10 வாரம் இருந்த பாட்டு, நல்ல பாட்டுதான், ஆனால் அது செய்கிற வேலையை 'டைனமைட்' ஏற்கெனவே செய்துவிட்டது. 'பெர்மிஷன் டு டான்ஸ்' இல்லாததற்கும் அதே காரணம். 'பாய் வித் லவ்' இல்லாதது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது, உங்களுக்கு நேரம் இருந்தால் 'ஐடல்' முடிந்ததும் சேர்த்துக்கொள்ளுங்கள், 2019 ஏப்ரல், வரிசையும் கெடாது.

ஷஃபிள் போடலாமா?

வேண்டாம். 2013-ல் கோபமாக இருந்த பையன்கள் 2022-ல் களைத்துப்போய் நம்பிக்கையோடு நிற்கிற வரைக்கும் குரல் எப்படி மாறுகிறது என்று கேட்பதுதான் இந்த லிஸ்டின் மொத்தப் பயனும். ஷஃபிள் போட்டால் அது போச்சு.

கொரிய மொழி ஒரு வார்த்தை தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. முதல் வாரம் அர்த்தம் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாவது வாரம், காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டின் மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு ஏறுங்கள், மறுநாள் அடுத்தது. ஒரே ராத்திரியில் பத்தையும் படித்தால் எதுவும் நிற்காது. 'பிளாக் ஸ்வான்', 'ஸ்ப்ரிங் டே' இரண்டுக்கும் இது கட்டாயம், 'டைனமைட்'டுக்கு அவசியமே இல்லை. அப்புறம் உண்மையிலேயே மொழி படிக்க ஆசை வந்துவிட்டால் சென்னையிலேயே இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது, கொரிய மொழி வகுப்பு நடத்துகிறார்கள். ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற ஊர் பக்கத்தில் இருந்துகொண்டு கொரியா ரொம்ப தூரம் என்று சொல்ல முடியாது.

ஏழு குரலும் ஒரே மாதிரி கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?

எல்லாருக்கும் முதலில் அப்படித்தான். ஏழையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ரேப் மூன்று பேர்: ஆர்எம் கனமான குரல், நிதானம், சுகா கொஞ்சம் கரகரப்பாக, வார்த்தையைக் கடித்துத் துப்புகிற மாதிரி, ஜே-ஹோப் துள்ளல், ஒரே வரியில் சுருதி ஏறி இறங்கும். பாடுகிறவர்களில் வி-யை முதலில் பிடியுங்கள், ஆழமான குரல், தவறவிடவே மாட்டீர்கள். அடுத்து ஜிமின், மெல்லிசாக உச்சிக்குப் போகிற குரல் அவருடையது. ஜங்குக்கும் ஜின்னும்தான் குழப்புவார்கள். ஜின் குரல் மேலே போகும்போது தெளிவாக, வெள்ளி மாதிரி ஒலிக்கும். ஜங்குக் குரலில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மென்மை, 'டைனமைட்' தொடங்குவது அவர்தான்.

ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 2018-ல் வந்த 'லவ் யுவர்செல்ஃப்: ஆன்சர்' ஆல்பத்தில் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு தனிப்பாட்டு உண்டு. ஜங்குக்குக்கு 'யூஃபோரியா', ஜிமினுக்கு 'செரண்டிப்பிட்டி', வி-க்கு 'சிங்குலாரிட்டி', ஜின்னுக்கு 'எபிஃபனி', ரேப் மூவருக்கும் 'ட்ரிவியா' என்று தொடங்குகிற மூன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடிக்கும்போது இதை ஓடவிடுங்கள். திங்கட்கிழமை ரயிலில் வித்தியாசம் தெரியும். ஒரே எச்சரிக்கை, 'பிளாக் ஸ்வான்' பாட்டில் குரல்களை வேண்டுமென்றே இயந்திரத்தனமாக மாற்றியிருக்கிறார்கள், அதை வைத்துப் பரீட்சை எழுதாதீர்கள்.

தனி ஆல்பங்கள் எல்லாம் கேட்க வேண்டாமா? அதில்தானே மூன்று வருடம் போனது?

கேட்கலாம், ஆனால் இந்த லிஸ்டில் கலக்காதீர்கள். ஜங்குக்கின் 'செவன்', ஜிமினின் 'லைக் க்ரேஸி' இரண்டும் 2023-ல் ஹாட் 100 முதலிடம் போனவை, கேட்டிருப்பீர்கள். நேரமில்லை, ஒருவர் மட்டும் என்றால் நான் சுகாவைச் சொல்வேன், அகஸ்ட் டி என்ற பெயரில் 2020-ல் போட்ட 'டேச்விதா'. அரசர் ஊர்வலத்துக்கு வாசிக்கிற பழைய கொரிய இசையை ரேப்புக்கு அடியில் வைத்திருப்பார், 'ஐடல்' பிடித்தவர்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். ஆர்எம்மின் 'இண்டிகோ' ராத்திரிக்கு.

என் பயணம் 20 நிமிடம்தான்.

காலையில் முதல் ஐந்து, சாயங்காலம் மீதி ஐந்து. 'ஃபேக் லவ்' வரை போகும்போது, 'ஐடல்' போட்டுக்கொண்டு வரும்போது. சொல்லப்போனால் இதுதான் சரியான முறை, சாயங்காலக் களைப்புக்குப் பின்பாதிப் பாட்டுகள் நன்றாகப் பொருந்தும்.

நான் கோயம்பேட்டில் 570 பஸ் ஏறி சிறுசேரி வரை போகிறேன்.

உங்களுக்கு நூறு பாட்டு லிஸ்டே வேண்டும்! மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆரில் அங்கங்கே தடுப்பு வைத்ததில் இருந்து அந்தப் பயணத்துக்குக் கணக்கே இல்லை. இந்தப் பத்தைக் கேட்டு முடித்துவிட்டு, மிச்சத்துக்கு 'மேப் ஆஃப் தி சோல்: 7' ஆல்பத்தை முழுதாகப் போடுங்கள். அதுவும் முடிந்து பஸ் இன்னும் துரைப்பாக்கத்திலேயே நின்றால் தூங்கிவிடுங்கள்.

மெட்ரோவில் பாட்டு விட்டு விட்டு வருகிறது.

நந்தனம், தேனாம்பேட்டை, டிஎம்எஸ் எல்லாம் தரைக்கு அடியில், போன் சிக்னலை நம்பி உட்கார முடியாது. முந்தின ராத்திரி வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் காசு கட்டாத கணக்கில் பாட்டை இறக்க முடியாது, நடுநடுவே விளம்பரமும் வரும், 'ஸ்ப்ரிங் டே' முடிந்த அடுத்த நொடி யாரோ லோன் வேண்டுமா என்று கத்தினால் மனசே விட்டுப்போகும். கம்பேக் மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. யூடியூபை இலவசமாக வைத்துக் கேட்டால் திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது இது சரிப்படாது.

ஸ்கூட்டரில் போகிறேன், ஹெல்மெட்டுக்குள் ஒரு இயர்பட்…

கூடாது. வீட்டில் சமைக்கும்போது கேளுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் அப்படியே, இரண்டு காதையும் திறந்து வையுங்கள், முடிந்தால் மேம்பாலத்தில் ஏறிப் போங்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு காது போதும், இறங்க வேண்டிய இடம் தப்பாது. ஸ்பீக்கரில் போட்டு மொத்த பெட்டிக்கும் கேட்கவைப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

வெளியாகிற நாள் சென்னையில் எத்தனை மணிக்கு விழிக்க வேண்டும்?

ராத்திரி முழித்திருக்க வேண்டியதே இல்லை, அதுதான் நம் அதிர்ஷ்டம். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். சமீப வருடங்களில் இவர்களின் பெரிய பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு அடிக்கும்போது வந்திருக்கின்றன. 'டைனமைட்', 'பட்டர்' இரண்டும் கொரிய நேரம் மதியம் 1 மணி, நமக்குக் காலை 9.30. அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும்போது இது ஒரு மணி நேரம் தள்ளி 10.30 ஆகும், 'லைஃப் கோஸ் ஆன்' அப்படித்தான் வந்தது. கொரிய நேரம் மாலை 6 என்று போட்டிருந்தால் நமக்குப் பிற்பகல் 2.30. ஆக, பெரும்பாலும் நீங்கள் வண்டியில் இருக்கும் நேரம், இல்லையென்றால் மீட்டிங்கில். அன்றைக்கு மட்டும் ஒரு ரயில் பின்னால் ஏறினால் தப்பில்லை.

திரும்பத் திரும்ப ஸ்ட்ரீம் பண்ணச் சொல்லி ஃபேன் குரூப்பில் இலக்கு கொடுக்கிறார்கள், செய்யணுமா?

உங்கள் விருப்பம். தரவரிசைக்காக உழைப்பது ஆர்மிகளுக்குள் ஒரு தனி விளையாட்டு, அதில் சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் ஒலியைக் குறைத்துவிட்டுப் போனை மேஜையில் ஓடவிடுவது எனக்குப் பாட்டு கேட்பதாகத் தெரியவில்லை.

எனக்கு 45 வயது. கேலி செய்கிறார்கள்.

செய்யட்டும், குழுவிலேயே மூத்தவர் 1992-ல் பிறந்தவர், ராணுவம் போய் வந்தவர். இன்னும் "பசங்க பாட்டு" என்று சொல்பவரிடம் இயர்போனைக் கொடுத்து 'ஸ்ப்ரிங் டே' போட்டுக் காட்டுங்கள்.

புது ஆல்பம் வந்த பிறகு இந்த லிஸ்டை என்ன செய்வது?

முதல் இரண்டு மூன்று நாள் இதைத் தொடாதீர்கள். புது ஆல்பத்தை அவர்கள் போட்ட வரிசையிலேயே, எதையும் தாண்டாமல், விமர்சனம் எதையும் படிக்காமல் கேளுங்கள். அப்புறம் அதில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டை எடுத்து 'யெட் டு கம்'முக்குக் கீழே பதினொன்றாவதாகச் சேருங்கள், அது டைட்டில் ட்ராக்காக, அதாவது ஆல்பத்தின் முதன்மைப் பாட்டாக, இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. 40 நிமிடம் தாண்டுகிறது, இறங்கும் ஸ்டேஷன் வந்துவிடுகிறது என்றால் 'மைக் ட்ராப்'பைத் தூக்கிவிடுங்கள். 'ஸ்ப்ரிங் டே'வில் மட்டும் கை வைக்காதீர்கள்.